சொந்தப் பாட்டு பாடும் பேண்ட், இணையத்துக்கு வெளியே ஆட்களைச் சேர்ப்பது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெரம்பூரில் நான்கு பேர் சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு பேண்ட் நடத்துகிறார்கள். தமிழில் சொந்தமாக 9 பாட்டு இருக்கிறது. அதில் ஒன்று, வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்கு முன்னால் சிக்னலுக்காக நிற்கும் ரயிலைப் பற்றியது. எல்லாப் பாட்டையும் இணையத்தில் போட்டாயிற்று, கேட்பவர்கள் கூடவில்லை. நிகழ்ச்சி வைத்தால் 15 நண்பர்கள் வருகிறார்கள், எல்லாத் தடவையும் அதே 15 பேர். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. அதை வைத்துச் சென்னைக்குள் நேரடியாகப் பெயர் வாங்க என்ன வழி, மேடையில் ரயில் பாட்டை எத்தனையாவதாக வைப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் பதினைந்து வருடம் பேஸ் கிட்டார் வாசித்தவன். அதில் பாதிக் காலம் மற்ற பேண்டுகளுக்கு நிகழ்ச்சியும் ஏற்பாடு செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் விஷயம், சுவர் போஸ்டருக்கு ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். எங்கள் முதல் பெரிய நிகழ்ச்சிக்கு டபுள் டெமி சைஸில் 300 போஸ்டர் அடித்தோம். மைதா மாவில் பசை காய்ச்சி, இரண்டு வண்டியில் நான்கு பேர், ராத்திரி ஒரு மணிக்கு ராயப்பேட்டையில் ஆரம்பித்து மந்தைவெளி வரைக்கும் ஒட்டினோம். விடிந்ததும் டீ குடிக்க நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தால், எங்கள் போஸ்டரின் மேலேயே ஒரு கண்ணீர் அஞ்சலி. அதன் ஓரத்தில் பசை இன்னும் காயவில்லை. எங்கள் பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. மூன்று நாளில் முழுசாக ஒரு போஸ்டர்கூட மிச்சமில்லை. நிகழ்ச்சிக்கு வந்தவர்களிடம் எப்படித் தெரியும் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். போஸ்டர் பார்த்து வந்தேன் என்றவர் ஒரே ஒருவர். அது போக, பொது இடத்துச் சுவரில் அனுமதி இல்லாமல் ஒட்டுவது 1959ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். பேனர் பேச்சே வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, வண்டியில் போன ஓர் இளம்பெண் தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்தார். அதற்குப் பிறகும் ரோட்டில் பேனர் வைக்கும் பேண்டாக நீங்கள் இருக்கக் கூடாது.

சிறிய போஸ்டர் நான்கைந்து மட்டும் அடித்து, கேட்டுவிட்டு உள்ளே ஒட்டுங்கள். நீங்கள் ஜாமிங் (சேர்ந்து வாசித்துப் பயிற்சி செய்வது) போகும் ரூம், அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் மாதிரி வாத்தியக் கடைகள், கல்லூரி நோட்டீஸ் போர்டு, இவை போதும். அங்கே வருகிறவர் நின்று படிப்பார்.

சரி, அப்புறம் ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? பெங்களூரில் பேண்டுகள் பப்புகளில் வளர்ந்தன, நாமும் அப்படிச் செய்யலாம் என்று இங்கே பலர் ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பாதை சென்னையில் ரொம்பக் குறுகல். டாஸ்மாக் பார்களை விட்டால், தமிழ்நாட்டில் பார் உரிமம் பெரும்பாலும் ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். நேரடி இசை நடக்கிற இடங்கள் பலவும் பெரிய ஓட்டல்களுக்குள்ளேயே இருக்கின்றன, அங்கே போய் உட்காரவே காசு வேண்டும். மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் உங்கள் பாட்டை முதலில் கேட்கக்கூடிய கல்லூரிப் பிள்ளைகள் பலர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். உள்ளே இருப்பவர்களும் தெரிந்த பாட்டைத்தான் கேட்பார்கள். சம்பளத்துக்காக அங்கே கவர் பாட்டு, அதாவது மற்றவர்களின் பாட்டு, வாசிப்பதில் ஒரு குறையும் இல்லை, வாசியுங்கள். ஆனால் வேறு பெயரில் வாசியுங்கள். உங்கள் பேண்டின் பெயரைக் கேட்டதும் சினிமாப் பாட்டு ஞாபகம் வந்தால் பிறகு அதை மாற்றவே முடியாது.

இந்த ஊரில் மேடை இசை வளர்ந்த இடங்கள் வேறு. ஆடி மாசத்து அம்மன் கோயில் தெரு, கல்யாண மண்டபம், சர்ச் திருவிழா, கட்சிக் கூட்டம். பாவலர் வரதராஜன் தன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார். அந்தத் தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா. வடசென்னையில் கானா சாவு வீட்டில் விடிய விடியப் பாடி வளர்ந்தது. இவர்கள் யாரும் தனியாகக் கூட்டம் சேர்க்கவில்லை. கூட்டம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பாட்டைக் கொண்டுபோனார்கள். நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். சென்னை முழுக்கத் தெரிய வேண்டும் என்ற ஆசையை ஒரு வருடத்துக்குத் தள்ளி வையுங்கள். பெரம்பூர், அயனாவரம், கொளத்தூருக்குள் இரண்டாவது தடவையும் வரக்கூடிய 100 பேர் உங்களுக்கு வேண்டும்.

பெரம்பூர் இதற்கு நல்ல இடம். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1955இல் வந்தது, அதற்கும் முன்னாலிருந்தே ரயில்வே பட்டறைகளும் குடியிருப்புகளும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இருந்த பகுதி. கிட்டாரும் டிரம்ஸும் அங்கே யாருக்கும் புதுசு இல்லை. கிட்டார் பிடிக்கத் தெரிந்த பையன்களில் நிறையப் பேர் சர்ச் கொயரில் கற்றுக்கொண்டவர்கள். உங்கள் நால்வரில் ஒருவராவது அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கொயர் மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். அவருக்கு 30 குடும்பம் தெரியும், அந்த வீடுகளில் எல்லாம் இசை கேட்கிற காது இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழா, பள்ளிப் பழைய மாணவர் கூட்டம், நூலக வாசகர் வட்டம், இவற்றில் ஒவ்வொரு இடத்திலும் 20 நிமிடம் கேளுங்கள். அரை மணிக்கு மேல் கேட்காதீர்கள். 20 நிமிடம் என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள், நாலு பாட்டு தாராளமாகப் போகும்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சினிமா இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. இயக்குநரின் பெயர் கூட்டம் சேர்த்தது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த மேடையில் நின்ற கானா பாடகர்களைத் தங்கள் பிள்ளைகளாகப் பார்த்த தெருக்கள் இருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உங்களைத் தங்கள் பிள்ளைகளாகப் பார்க்க ஒரு தெருவாவது வேண்டும்.

இப்போது பணம் செலவழிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். பிட் நோட்டீஸ் அடிக்காதீர்கள், பாட்டுப் புத்தகம் அடியுங்கள். பழைய காலத்தில் தியேட்டர் வாசலில் சில்லறைக் காசுக்குச் சினிமாப் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் டிரங்குப் பெட்டியில் இன்னும் நாலைந்து இருக்கும். அதே சாணித்தாள் நிறம், அதே அளவு. ஒரு டெமி தாளை இரண்டு பக்கமும் அச்சடித்து மூன்று மடிப்பு மடித்தால் டெமி 1/8 அளவில் 16 பக்கம் கிடைக்கும். உங்கள் 9 பாட்டும், பாட்டுக்கு இரண்டு வரி முன்கதையும், நால்வர் பெயரும், ஒரு தொலைபேசி எண்ணும் அதற்குள் அழகாக அடங்கும். பின்னட்டையில் பாட்டுக்குப் போகிற க்யூஆர் கோடு. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் சின்ன பிரஸ்களில் நேரில் போய்ப் பேசுங்கள். தாளை பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் நீங்களே வாங்கிக் கொடுத்தால் செலவு குறையும். ஆயிரம் பிரதி போடுங்கள். பிரஸ்காரர்களின் கணக்கில் முதல் நூறு பிரதிக்குத்தான் காசு அதிகம், அதற்கு மேல் தாள் விலை மட்டும்தான் ஏறும்.

நோட்டீஸை வாங்கியவர் அடுத்த குப்பைத் தொட்டியில் போடுவார். பாட்டு வரி அச்சடித்த புத்தகத்தைத் தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் சட்டென்று தூக்கிப் போடுவதில்லை, ஒரு தடவையாவது புரட்டுவார்கள். இன்னொரு பயன் அதைவிடப் பெரியது. புதுப் பாட்டைக் கேட்பவருக்கு முதல் தடவை வார்த்தை பிடிபடாது. டிரம்ஸ் சத்தத்தில் பாதி போய்விடும். கையில் வரி இருந்தால் இரண்டாவது தடவை பல்லவி வரும்போது அவர் கூடவே முணுமுணுப்பார். வாய் அசைந்துவிட்டால் அந்தப் பாட்டு அவருடையது.

கொளத்தூரில் நான் ஏற்பாடு செய்த ஒரு மொட்டை மாடி நிகழ்ச்சியில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. ஜமுக்காளம் விரித்து, தண்ணீர் டேங்குக்கு முதுகைக் கொடுத்து பேண்ட் உட்கார்ந்திருந்தது. பெரிய ஸ்பீக்கர் இல்லை, பாடுபவருக்கும் கிட்டாருக்கும் ஒரு சின்ன ஆம்ப், டிரம்ஸுக்குப் பதில் கஹோன், அதாவது மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி. பக்கத்துப் போர்ஷன் அம்மா கொடியில் காயப்போட்ட துணியை எடுக்க வந்தார். எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். இரண்டு பாட்டு முடிந்ததும் கீழே போனவர், போய்விட்டார் என்று நினைத்தோம், மாமியாரைக் கைபிடித்து மாடிக்குக் கூட்டி வந்தார். பாட்டுப் புத்தகத்தை அந்தப் பெரியம்மா கண்ணுக்குக் கிட்டே வைத்து, வரியில் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் அவர் பாடகரைக் கூப்பிட்டுக் கேட்டது, “இது எந்தப் படத்துல வந்துச்சு தம்பி?”

“படம் இல்ல பாட்டி, நாங்களே எழுதினது.”

“நீங்களேவா?” என்று திரும்பக் கேட்டுவிட்டு, பேத்திக்கு என்று இன்னொரு புத்தகம் வாங்கிக்கொண்டார்.

எந்தப் படம் என்ற கேள்விதான் தமிழில் சொந்தப் பாட்டு பாடும் எல்லோருக்கும் முன்னால் நிற்கிற மலை. நம் மக்களுக்குப் பாட்டு என்றால் படத்திலிருந்து வருவது. எந்தக் காட்சி, யார் நடித்தது என்ற ஞாபகத்தோடு சேர்த்துத்தான் பாட்டு மனசில் ஏறுகிறது. உங்கள் பாட்டுக்குக் காட்சி கிடையாது, அதனால் அதை நீங்களே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அரை நிமிடம், அந்தப் பாட்டு எங்கே எப்படிப் பிறந்தது என்று பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். வியாசர்பாடி ஜீவாவில் ரயில் நின்றபோது எதிரே யார் உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்று சொல்லிவிட்டுப் பாடினால், கேட்பவர் தானும் அந்தப் பெட்டியில் ஏறிக்கொள்வார். இதை ஜாமிங்கில் பாட்டைப் பயிற்சி செய்வது மாதிரியே பயிற்சி செய்யுங்கள். நிறையப் பேண்டுகள் பாட்டுக்குப் பாட்டு டியூன் செய்துகொண்டு அமைதியாக நிற்கின்றன, அந்த நேரத்தில் ஆட்கள் போனை எடுத்துவிடுகிறார்கள்.

நிகழ்ச்சி முடிந்து போகிறவர்களின் பெயரை எழுதி வாங்க வேண்டும். ஒரு 80 பக்க நோட்டு. பெயர், ஏரியா, நம்பர். மேடைக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் எழுத மாட்டார்கள். செருப்பு விட்டிருக்கும் இடத்தில் வையுங்கள், அங்கே எல்லோரும் குனிந்து அரை நிமிடம் நிற்பார்கள். நோட்டோடு நிற்பவர் பேண்டில் இல்லாதவராக, சிரித்த முகமாக, யாருடைய தங்கையோ அக்காவோ இருக்கட்டும். வாங்கிய நம்பருக்குத் தினம் செய்தி அனுப்பிக் கழுத்தறுக்காதீர்கள். அடுத்த நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் நால்வரும் பிரித்துக்கொண்டு போன் பண்ணுங்கள். “அக்கா, போன தடவை மாடிக்கு வந்தீங்களே” என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். அடுத்த நிகழ்ச்சியை ஆறு வாரத்துக்குள், அதே இடத்தில், ஒரு புதுப் பாட்டோடு வையுங்கள். எனக்குத் தெரிந்த வரைக்கும் 40 பேர் வந்த இடத்தில் 12 பேர் திரும்பி வந்தால் நல்ல ஆரம்பம். அந்த 12 பேரும் ஆளுக்கு ஒருவரைக் கூட்டி வருவார்கள்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் விளம்பரம் என்று கணக்கில் எடுப்பதில்லை. ஏரியாவில் மைக் செட், ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர் வருடம் முழுக்கக் காது குத்தல், கோயில், ஸ்கூல் விழா, கட்சிக் கூட்டம் என்று போய்க்கொண்டே இருப்பார். விழா நடத்துபவர் முதலில் அவரைத்தான் கேட்பார், “யாராவது பாடற பசங்க இருந்தா சொல்லுங்க” என்று. அவர் வாயில் உங்கள் பெயர் வர வேண்டும். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். எத்தனை மைக், எத்தனை லைன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்ததும் கேபிள் சுற்ற ஒத்தாசை செய்யுங்கள். காசை அன்று ராத்திரியே கையில் கொடுங்கள். எங்கள் பேண்டுக்கு மூன்று வருடத்தில் கிடைத்த நல்ல மேடைகளில் நாலு, வில்லிவாக்கத்துச் சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர் சொல்லி வந்தவை.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். ஒலிபெருக்கி வைத்தால் போலீஸ் அனுமதி எழுத்தில் வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஸ்டேஷனில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சிப் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பாதிப் பாட்டில் நிறுத்தச் சொன்னால் வந்தவர்களுக்கு ஞாபகம் இருப்பது அது மட்டும்தான். எப்படியும் எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நேரத்தை மனதில் வைத்து நடத்தும் நிகழ்ச்சிக்கு அவர்கள் அம்மாக்களும் வருவார்கள்.

மேடை கொடுக்கும் கஃபேயோடும் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். தென்சென்னையில் ஓர் இடத்தில், டிக்கெட் விற்ற காசில் பாதி உங்களுக்கு என்று வாயால் பேசி, முடிந்ததும் சாப்பாட்டுக் கணக்கு, கரண்ட் கணக்கு என்று கழித்துக் கையில் 600 ரூபாய் கொடுத்தார்கள். வந்திருந்தவர்கள் 70 பேர். ஒரு வாட்ஸ்அப் செய்தியில் கணக்கை எழுதி ஒப்புதல் வாங்கியிருந்தால் போதும், நாங்கள் வாங்கவில்லை.

பெரிய மேடைகளுக்கு அவசரம் வேண்டாம், ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி.யின் சாரங், அண்ணா பல்கலையின் டெக்கோஃபெஸ், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் டீப் வுட்ஸ் என்று கல்லூரி விழாக்கள் இருக்கின்றன. ஜூன் 21 உலக இசை நாள், நுங்கம்பாக்கம் அலையன்ஸ் ஃபிரான்சேயில் அந்தச் சமயத்தில் நிகழ்ச்சி வைப்பார்கள். ஆகஸ்ட் 22 சென்னை நாள், அந்த வாரத்தில் ஊரைப் பற்றிய எதற்கும் இடம் உண்டு. உங்கள் ரயில் பாட்டு அதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. பொங்கலை ஒட்டிச் சென்னை சங்கமம் கலை விழா இருக்கிறது, 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ என்ற இசை விழாவும் இருக்கிறது. 2004இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். 90.4 மாதிரிச் சமுதாய வானொலிகளுக்கும் பாட்டுப் புத்தகத்தோடு நேரில் போங்கள். அங்கே நிகழ்ச்சி செய்கிறவர்களில் மாணவர்கள் உண்டு, புதுசாக எதையாவது ஒலிபரப்ப ஆசைப்படுவார்கள். வெளியே பாட ஆரம்பிக்கும் முன் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும், பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிப் பாட்டுகளைப் பதிந்துவிடுங்கள்.

தேதி பார்க்கும்போது அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மாடி வேண்டாம், மழை. மார்ச், ஏப்ரல் பரீட்சை. சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே. ஆடும் நாளில் எங்கேயும் எதுவும் வைக்காதீர்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரி, அப்புறம் ஜூலை, ஆகஸ்ட் நல்லது. ஆகஸ்டில் ஒரு கண் வானத்தின் மேல் இருக்கட்டும்.

20,000 ரூபாயை நானாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு பாட்டுப் புத்தகத்துக்கும், ஏறக்குறைய பாதி இரண்டு நிகழ்ச்சிகளின் சவுண்டுக்கும், மீதியை ஆட்டோ, தண்ணீர் கேன், சுண்டலுக்கும் வைப்பேன். டீஷர்ட் இப்போது வேண்டாம். திருப்பூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று நூறு அடித்து, தொண்ணூறு பீரோவில் கிடக்கும் பேண்டுகளை எனக்குத் தெரியும். நோட்டில் 100 பெயர் சேர்ந்ததும் அவர்களே கேட்பார்கள், அப்போது அடியுங்கள்.

ரயில் பாட்டை முதலில் வைக்காதீர்கள். முதல் பாட்டு ஓடும்போது ஆட்கள் இன்னும் மாடிப்படி ஏறிக்கொண்டு, உட்கார இடம் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் பேண்டின் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள், புத்தகத்தில் 5ஆம் பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள், பிறகு அந்த ரயிலை எடுங்கள்.